சம்பந்தத்தின் மஞ்சள் பை

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. குடியைச் சொல்லவில்லை, அது ஊருக்கே தெரியும். அடுத்தவன் எங்கே போகிறான், எதற்குப் போகிறான் என்று தெரிந்துகொள்ளாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. என் மனைவி சாவித்திரி சொல்வாள், பக்தவத்சலம் என்கிற இந்த ஆள் போலீசில் சேர்ந்திருந்தால் மெடல் வாங்கியிருப்பான், லேத்துப் பட்டறையில் சேர்ந்து வீணாய்ப் போனான் என்று.

போன ஒரு வருடமாக அந்தப் பழக்கத்துக்குத் தீனி போட்டவர் பக்கத்து வீட்டுச் சம்பந்தம். அம்பத்தூர் மேனாம்பேட்டில் அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். அந்தப் பக்கம் அப்பளம் நொறுங்கினால் இந்தப் பக்கம் கேட்கும். ஒரு காலத்தில் மாமே, மச்சான் என்று தோளில் கை போட்டுத் திரிந்தவர்கள் நாங்கள். நான்கு வருடத்துக்கு முன்னால் அவர் மாடி எடுத்துக் கிரகப்பிரவேசம் வைத்தார். நான் காலையிலேயே ஊற்றிக்கொண்டு போய்ப் பந்தல் காலைப் பிடித்தேன். பந்தல், நான், சாம்பார் அண்டா மூவரும் ஒன்றாக விழுந்தோம். இந்த ஆளை யார் உள்ளே விட்டது என்று சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் கேட்டுவிட்டார் சம்பந்தம். அன்றோடு பேச்சு நின்றது.

பேச்சுதான் நின்றது, பார்வை நிற்குமா? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தெருவே கறிக்குழம்பு தின்றுவிட்டுக் குப்புறப் படுத்திருக்கும். அந்த நேரம் பார்த்து, சரியாக ரெண்டரை மணிக்கு, இந்த மனுஷன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் கிளம்புவார். கையில் ஒரு மஞ்சள் பை. ஏழு மணிக்குத் திரும்புவார். போகும்போது பை கனக்கும், வரும்போது லேசாக ஆடும். வாராவாரம் இதே கதை. கோயில் என்றால் பெண்டாட்டியைக் கூட்டிப் போவார். கடை என்றால் வரும்போதல்லவா பை கனக்க வேண்டும்? எங்கோ ஒரு சின்ன வீடு இருக்கிறது என்று சாவித்திரியிடம் அடித்துச் சொன்னேன். முதலில் உன் முதுகில் இருக்கிற அழுக்கைப் பாரய்யா என்றாள் அவள். என் முதுகை நான் எப்படிப் பார்ப்பது?

இதற்கிடையில்தான் என் மகள் வர்ஷா குண்டைத் தூக்கிப் போட்டாள். திருவள்ளூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். ஏழு மாதம். ஒன்பதாம் மாதம் வளைகாப்பு முடித்து அழைத்து வரவேண்டும். சாவித்திரி பழைய வேட்டிகளைத் துவைத்து, கிழித்து, மடித்து ஒரு பெட்டி நிறைய வைத்திருந்தாள். அந்தப் பெட்டி நிறைந்த வாரத்தில் போன் வந்தது.

"நைனா, குடிக்கிற ஊட்ல நான் தொட்டில் கட்ட மாட்டேன். மாமியார் ஊட்லயே பெத்துக்கறேன். நீ குடிய வுட்டவங்க கூட்டத்துக்குப் போ. ஒரு தபா முழுசா ஒக்காந்துட்டு வா. அப்பால பேசிக்கலாம்."

கத்தவில்லை, அழவில்லை. நிதானமாகச் சொன்னாள். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய் வீட்டுக்கு வரவில்லை என்றால் நாலு பேர் நாலு விதமாகக் கேட்பார்கள், கேட்பவர்கள் என்னைக் கேட்க மாட்டார்கள், சாவித்திரியைத்தான் கேட்பார்கள். அன்று ராத்திரி அவள் அந்தப் பெட்டியைத் தூக்கிப் பரணில் போட்டாள்.

கூட்டம் எங்கே நடக்கிறது என்று வர்ஷாவே போனில் தேடிப் பார்த்து அனுப்பியிருந்தாள். ஒன்று மேனாம்பேட்டிலேயே, எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, செவ்வாய்க்கிழமை. இன்னொன்று பூந்தமல்லிக்குப் பக்கத்தில் சென்னீர்குப்பத்தில், ஒரு பள்ளிக்கூட மாடியில், ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு. கூப்பிடு தூரத்தில் இருப்பதை விட்டுவிட்டு எதற்கு ரெண்டு பஸ் மாறிப் போகிறாய் என்றாள் சாவித்திரி. தெரிந்தவன் எவனாவது பார்த்தால் மானம் போய்விடும் என்றேன். மேனாம்பேட்டில் நான் விழாத கால்வாய் கிடையாது. அப்போதெல்லாம் போகாத மானம் இப்போது போய்விடுமா என்று அவள் கேட்டாள். கேள்வி நியாயமானதுதான். ஆனாலும் நான் சென்னீர்குப்பம்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

ஞாயிறு அன்று காலையிலிருந்து தொடவில்லை. சம்பந்தம் கண்ணில் படக்கூடாது என்று ஒன்றரை மணிக்கே வீட்டை விட்டு இறங்கி ஆவடிக்கு பஸ் பிடித்தேன். ஆவடியில் பூந்தமல்லி பஸ் வருவதற்குள் தாவு தீர்ந்துவிட்டது. ஒருவழியாக ஒன்று வந்து, பின்பக்கம் ஏறி உட்கார்ந்தேன். பஸ் கிளம்புகிற நேரத்தில் முன் படியில் வெள்ளைச் சட்டையும் மஞ்சள் பையுமாக ஏறினார் சம்பந்தம்!

நான் சட்டென்று குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்கிறவன் போல உட்கார்ந்துகொண்டேன். ஒரு பக்கம் பயம். இன்னொரு பக்கம், சொன்னால் வெட்கக்கேடு, உள்ளுக்குள் ஒரே குதூகலம். ஆக, சின்ன வீடு பூந்தமல்லிப் பக்கம்தான்! இறங்கிப் பின்னாலேயே போய்ப் பார்த்துவிடலாமா என்று மனசு துடித்தது. ஆனால் நான் எங்கே போகிறேன் என்று அந்த மனுஷன் பார்த்துவிட்டால்? மானம்தான் முக்கியம் என்று ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, கொளுத்துகிற வெயிலில் நடந்தேன்.

சென்னீர்குப்பம் போய்ச் சேர்ந்த பிறகுதான் உறைத்தது, யாரிடம் என்னவென்று கேட்பது? குடிகாரர்கள் கூட்டம் எங்கே நடக்கிறது என்று கேட்க முடியுமா? டீக்கடையில், இங்கே ஏதோ மீட்டிங்காமே என்று பொதுவாகக் கேட்டு வைத்தேன். டீக்கடைக்காரர் எதிரே இருந்த மண்டபத்தைக் காட்டினார். உள்ளே நாற்பது பேர் நாற்காலியில் இருந்தார்கள். வாசலில் ஒரு பெண் கும்பிட்டு வரவேற்றுத் தண்ணீர் பாட்டில் கொடுத்தாள். பரவாயில்லையே, குடிகாரனுக்கு இவ்வளவு மரியாதையா என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மேடையில் ஒருவர், இன்றைக்கு நீங்கள் எடுக்கிற ஒரு முடிவு உங்கள் குடும்பத்தையே மாற்றும் என்றார். நான் தலையாட்டினேன். இன்னொருவர் எழுந்து, போன வருடம்வரை தானும் உங்களைப் போலத்தான் தயங்கிக்கொண்டே இருந்ததாகவும், இன்றைக்குப் பெண்டாட்டி பிள்ளைகள் தன்னை மதிப்பதாகவும் சொன்னார். எனக்குக் கண் கலங்கியது. அடுத்து விளக்கை அணைத்துத் திரையில் செம்பரம்பாக்கம் ஏரியைக் காட்டினார்கள். ஏரியைப் பார்த்த மனை, சதுர அடி என்ன விலை, முன்பதிவுக்கு எவ்வளவு என்று ஆரம்பித்தார்கள். நல்லா கெட்டுது போ என்று எழுந்து வெளியே வந்தேன்.

மணி நான்காகப் போகிறது. தேடினேன், கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ஒன்றும் பொய்யில்லையே. எதிர்ச்சாரியில் டாஸ்மாக் போர்டு தெரிந்தது. அதற்கு மட்டும் யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. இத்தனை பாடு பட்டதற்கு ஒரு கால் பாட்டில் போட்டால்தான் என்ன என்று கால் அந்தப் பக்கம் திரும்பியேவிட்டது. அந்த நேரத்தில்தான் பக்கத்துச் சந்துக்குள் மஞ்சள் பை போனது.

குடி ஒரு பக்கம் இழுத்தது, பை ஒரு பக்கம் இழுத்தது. ஒரு வருடத்துச் சந்தேகமாயிற்றே! பைதான் ஜெயித்தது. பத்தடி விட்டுப் பின்னால் போனேன். சம்பந்தம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்து மாடிப்படி ஏறினார். டீச்சர் யாரையோ பிடித்திருக்கிறார் என்று நினைத்தேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனை மாதிரி ஏறி எட்டிப் பார்த்தேன்.

வகுப்பறை. பிள்ளைகள் உட்காரும் பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க ஒன்பது பத்து ஆண்கள். சம்பந்தம் மஞ்சள் பையிலிருந்து ஒரு பெரிய பிளாஸ்க்கையும் பேப்பர் கப்புகளையும் ரெண்டு பிஸ்கட் பாக்கெட்டையும் எடுத்து மேசையில் வைத்துக்கொண்டிருந்தார். கரும்பலகையில் யாரோ சாக்பீஸில் எழுதியிருந்தார்கள்: இன்று ஒரு நாள் குடிக்காமல் இருப்போம்.

ஒரு வருடமாக நான் கட்டிய சின்ன வீடு அந்த இடத்திலேயே இடிந்தது. அவர் நிமிர்ந்தார். இருவரும் பார்த்துக்கொண்டோம். பிளாஸ்க்கைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது. ஓடிவிடலாம் என்று திரும்பினேன். அதற்குள் முன் பெஞ்சிலிருந்து ஒரு இளைஞர் எழுந்து வந்து, வாங்க சார், உட்காருங்க என்றார். ஸ்ரீநாத்தாம். கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பேச்சு. அன்றைய கூட்டத்தை நடத்துவது அவர்தான். எந்த ஊர் என்று கேட்டார். அவசரத்தில் காஞ்சிபுரம் என்று உளறினேன்.

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கேலிச் சிரிப்பு இல்லை. முதல் நாள் வருகிறவர்கள் எல்லோரும் காஞ்சிபுரம், செங்கல்பட்டு என்றுதான் சொல்வார்களாம். ஸ்ரீநாத் சொன்னார்:

"பயப்படாதீங்க சார். இங்க சென்னீர்குப்பத்து ஆளு ஒருத்தர்கூட இல்லீங்க. நாங்க எல்லாருமே அம்பத்தூர், கொரட்டூர், பாடி. தெரிஞ்சவங்க பாக்கக் கூடாதுன்னு ரெண்டு பஸ் மாறி வர்றோம். மேனாம்பேட்டுல செவ்வாய்க்கிழமை ஒண்ணு நடக்குதுங்க. அங்க பூராவும் பூந்தமல்லிக்காரங்கதான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு தெரு தள்ளி நடந்து போயிருந்தால் தெரிந்த முகம் ஒன்றுகூட இருந்திருக்காது. இவ்வளவு தூரம் வந்து பக்கத்து வீட்டுக்காரரிடம் மாட்டிக்கொண்டேன். சம்பந்தம் எனக்கும் ஒரு கப் டீ நீட்டினார். நான்கு வருடம் கழித்து அவர் கையால் வாங்கினேன். என் கை நடுங்கி டீ சிந்தியது. அவர் அதைப் பார்க்காத மாதிரி நகர்ந்துவிட்டார்.

ஒவ்வொருவராகத் தங்கள் கதையைச் சொன்னார்கள். யாரும் யாருக்கும் புத்தி சொல்லவில்லை, குறுக்கே பேசவில்லை. எனக்கோ ஒவ்வொருவரிடமும் நூறு கேள்வி கேட்க வேண்டும் போல இருந்தது. நான்காவதாகச் சம்பந்தம் எழுந்தார். ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தார். தான் பதினாலு மாதமாகத் தொடவில்லை என்றார். அதற்கு முன்னால் இருபது வருடம் குடித்தாராம், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, எவர்சில்வர் டம்ளரில். எங்கள் தெருவில் ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. எனக்கே தெரியாது, அப்புறம் என்ன!

"எங்க பக்கத்து ஊட்ல ஒருத்தர் குடிப்பாரு. கத்துவாரு, வுழுவாரு, தெருவே வேடிக்க பாக்கும். நான் டம்ளர கையில வெச்சிகினு அத்தக் கேட்டுகினு இருப்பேன். நான் இந்தாளு மாரி கெடையாதுப்பா, நான் குடிகாரன் இல்லன்னு சொல்லிக்குவேன். அவுரு கீற வரிக்கும் நான் நல்லவன்."

எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது. எங்கள் பட்டறையில் கோணலாகக் கடைந்த துண்டு ஒன்றை ஓரமாக வைத்திருப்போம், வேலை இப்படி இருக்கக் கூடாது என்று புது ஆட்களுக்குக் காட்ட. இருபது வருடமாக இந்த ஆளுக்கு நான் அந்தத் துண்டா? என்னை வைத்து இவன் நல்லவனானானா? பெஞ்சு கிறீச்சிட எழுந்தேன். யாரும் தடுக்கவில்லை. வாசல்வரை போய்ச் செருப்பைப் போட்டு முதல் படியில் காலையும் வைத்துவிட்டேன்.

முழுசாக உட்கார்ந்துவிட்டு வா என்று வர்ஷா சொன்னது நினைவுக்கு வந்தது. ஆனால் உள்ளதைச் சொல்கிறேன், என்னை நிறுத்தியது அது மட்டும் இல்லை. என்னைப் பற்றி இன்னும் என்ன சொல்லப்போகிறான் என்று தெரியாமல் எப்படிப் போவது? கதவோரம் நின்று காதைக் கொடுத்தேன்.

"போன வருசம் அவுரு ஒம்போது நாளு ஆஸ்பத்திரில கெடந்தாரு. பக்கத்து ஊட்ல சத்தமே இல்ல. அப்பதான் என் ஊட்டு சத்தம் மொதோ தபா எனக்குக் கேட்டுது. என் பொஞ்சாதி அடுப்பாண்ட அழுதுகினு இருந்தா. தெனமும் அழுதுகினுதான் இருந்திருக்கா. அவுரு சத்தத்துல எனக்குக் கேக்கல."

அவ்வளவுதான் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவர் வீட்டில் ஒருத்தி அழுதது அவருக்குக் கேட்டது. என் வீட்டில் எவ்வளவு அழுதிருப்பாள்? எனக்கு ஒன்றுகூடக் கேட்டதில்லையே. திரும்பிப் போய் அதே பெஞ்சில் உட்கார்ந்தேன்.

என் முறை வந்தது. பேர் பக்தவத்சலம், ஊர் காஞ்சிபுரம் இல்லை என்றேன். சிரித்தார்கள். குடிக்கிறேன், நேற்றுவரை குடித்தேன், மகள் பிரசவத்துக்கு வரவேண்டும் என்பதற்காக வந்தேன், எனக்காக வரவில்லை என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். அதற்கும் கை தட்டினார்கள். எதற்குத் தட்டினார்கள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

முடிகிற நேரத்தில் ஸ்ரீநாத் ஒரு விஷயத்தைச் சொன்னார். இங்கே பார்த்த முகத்தையும் கேட்ட பேச்சையும் இந்தப் படிக்கட்டுக்குக் கீழே கொண்டுபோகக் கூடாது. அதுதான் இங்கே சட்டம். நான் அவரைத் தனியாகப் பிடித்து, வந்ததற்கு அத்தாட்சியாக ஒரு சீட்டு, இல்லாவிட்டால் ஒரு போட்டோ கிடைக்குமா என்று கேட்டேன். பதிவேடு கிடையாது, கையெழுத்து கிடையாது, போட்டோ கூடவே கூடாது என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். வரும்போது அதே பஸ்ஸில் சம்பந்தம் முன்னால் உட்கார்ந்தார், நான் பின்னால் உட்கார்ந்தேன். பேசவில்லை.

வீட்டு வாசலில் சாவித்திரி முதலில் என் வாயை முகர்ந்தாள். பிறகு வர்ஷாவை போனில் கூப்பிட்டு, சத்தமாகக் கேட்கும்படி வைத்தாள். போனேன், முழுசாக உட்கார்ந்தேன் என்றேன். இரண்டு பேரும் நம்பவில்லை. தப்பு அவர்கள் மேல் இல்லை. மாலை போட்டிருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே குடித்தவன் நான். போன வருடம், டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தேன் என்று யாருடைய சீட்டையோ காட்டியவன் நான். எங்கே நடந்தது, என்ன பேசினார்கள் என்று மகள் கேட்டாள். பள்ளிக்கூடம், பெஞ்சு, டீ, பிஸ்கட் என்றேன். யார் வேண்டுமானாலும் இதைச் சொல்லலாமே என்றாள்.

"சரி நைனா, யாராரு வந்திருந்தாங்க? தெரிஞ்சவங்க ஒருத்தர் பேரு சொல்லு. நான் நம்பறேன்."

என் வாழ்க்கையிலேயே இப்படி ஒரு சேதி எனக்குக் கிடைத்ததில்லை. நாக்கு நுனியில் நிற்கிறது. மூன்றே எழுத்தில் 'சம்பு' என்று சொன்னால்கூடப் போதும், சாவித்திரி புரிந்துகொள்வாள், மகளும் வந்துவிடுவாள். அடுத்தவன் கதையை ஒரு நாளாவது நான் வயிற்றில் வைத்திருந்ததுண்டா? பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு உறைந்து நின்ற அந்தக் கை கண் முன்னால் வந்தது.

"பேரு சொல்லக் கூடாதும்மா. நீ நம்பலன்னாலும் பரவால்ல. அடுத்த ஞாயித்துக்கெழமையும் போவேன்."

சாவித்திரி பெருமூச்சு விட்டாள். எதற்கெடுத்தாலும் ஒரு கதை வைத்திருக்கிற ஆள்தானே நீ என்று சொல்லிவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. அந்த ஒற்றைச் செங்கல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கேட் திறக்கிற சத்தம் கேட்டது. செருப்பை விட்டுவிட்டு சம்பந்தம் உள்ளே வந்தார். வெள்ளைச் சட்டையைக்கூட இன்னும் மாற்றவில்லை. நான்கு வருடம் கழித்து எங்கள் வீட்டுக்குள் கால் வைக்கிறார். சாவித்திரி திகைத்துப் போய் எழுந்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. போனைப் பார்த்துப் பேசினார்.

"வர்ஷா, சம்பந்தம் மாமா பேசறேன்மா. உங்க நைனா வந்தாரு. கடைசி வரிக்கும் ஒக்காந்திருந்தாரு. நான் பாத்தேன்."

"நீங்க எப்படி மாமா பாத்தீங்க?"

அவர் கழுத்தில் வேர்வை இறங்கியது. இருபது வருடம் கதவைச் சாத்தி மறைத்த மனுஷன், இஸ்திரி மடிப்பு கலையாமல் தெருவில் நடந்த மனுஷன், எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"நானும் அங்க போறவன்தாம்மா. டீ ஊத்துறதே நான்தான்."

சாவித்திரி நாற்காலியை இழுத்து அவருக்குப் போட்டாள். நான் கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். போனில் வர்ஷா மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"அம்மா, எனக்குத் தொட்டில் கட்டன கொக்கி முன் ரூம்ல இன்னும் அப்டியே கீதா?"

சாவித்திரி என்னைப் பார்த்தாள். நான் எழுந்து போய் முன் அறை விளக்கைப் போட்டு அண்ணாந்து பார்த்தேன்.

"கீதும்மா" என்றேன்.